காவிரிக் கரையோரம் சைக்கிளில்: திருச்சி முதல் பூம்புகார் வரை – முதன்முறை கிளம்புபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

நாள் கணக்கில் சைக்கிளில் ஊர் சுற்ற ஆசை, ஆனால் இதுவரை கடைத்தெரு வரை ஓட்டியதுதான் பழக்கம் என்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் இதைவிட இலகுவான வழி கிடையாது. திருச்சி கடல் மட்டத்திலிருந்து எண்பது மீட்டர் சொச்ச உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சுமார் 150 கிலோமீட்டரில் பூம்புகார் கடற்கரை. ஏற்றம் என்று மூச்சு வாங்குவதெல்லாம் ஆற்றுப் பாலங்களில் ஏறும்போதுதான். சோழர் கோயில்களோ ஆற்றை ஒட்டியே வரிசையாக நிற்கின்றன.

அதனால் இங்கே தூரத்தைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்ள வேண்டாம். படுத்தி எடுப்பவை மூன்று: வெயில், எதிர்காற்று, நடை சாத்திய கோயில். திட்டத்தை இவற்றை வைத்துத்தான் போட வேண்டும்.

முதல் படி: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் கரைச் சாலைகள் சேறாகிவிடும். சித்திரை, வைகாசியில் வெயிலும் தாங்காது, ஆற்றில் வெறும் மணல்தான் இருக்கும்.

ஆடிக்கு ஒரு வசதி உண்டு. அம்மியைத் தூக்கும் காற்று மேற்கிலிருந்து வருவதால், கிழக்கே போகிறவரை முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். வழக்கமான ஆண்டாக இருந்தால் மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்து, ஆறும் நிறைந்திருக்கும். ஆனால் பகல் சூடு புதியவர்களைச் சாய்த்துவிடும்.

என் ஓட்டு தை மாதத்துக்குத்தான். பொங்கல் கழிந்து கிளம்பினால் காலைப் பனி, அறுவடைக்கு நிற்கும் சம்பா, ஆற்றில் தண்ணீர் மூன்றும் கிடைக்கும். மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடிவிடுவார்கள், தண்ணீர் வேண்டுமென்றால் அதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும். தையில் இரண்டு இடைஞ்சல்: முகூர்த்த நாளில் கும்பகோணத்தில் அறை கிடைக்காது, தியாகராஜர் ஆராதனை சமயத்தில் திருவையாற்றில் கிடைக்காது. காலண்டரைப் பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள்.

இரண்டாம் படி: சைக்கிளைத் தயார் செய்யுங்கள்

புது சைக்கிள் வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும் என்பதில்லை. சமதரையில் கியர் இல்லாத சைக்கிளே போதும். கவனிக்க வேண்டியது சீட்டின் உயரம். பெடல் அடியில் இருக்கும்போது அதன் மேல் குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக நிற்க வேண்டும். பலர் தரையில் இரு காலும் ஊன்றும்படி சீட்டை இறக்கி வைத்துக்கொண்டு, இரண்டாம் நாள் முட்டி வலி என்பார்கள்.

டயர் 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். ஆற்றங்கரை முழுக்கச் சீமைக்கருவேலம், அதன் முள் எந்த டயரையும் விடாது. பஞ்சர் கடைகள் ஊருக்கு ஊர் உண்டு, ஆனால் அங்கே இருப்பது வால்டியூப் போட்ட பழைய பாணி டியூப்புக்கான பம்பு. மெலிந்த மூக்குள்ள வால்வு உங்கள் சைக்கிளில் இருந்தால் டியூப் இரண்டு, கைப்பம்பு, ஒட்டுப்போடும் சாமான் எல்லாம் கையோடு இருக்க வேண்டும். கிளம்பும் முன் ரிம்மில் பெண்டு எடுத்து, பிரேக் கட்டையை மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொள்ளுங்கள்.

மூட்டையை முதுகில் சுமக்காதீர்கள். கேரியரின் இருபுறமும் தொங்கும் பை நல்லது. அதில் ஒரு நாலு முழ வேட்டியைக் கட்டாயம் வையுங்கள். சைக்கிள் டவுசரோடு கோயிலுக்குள் போனால் ஆயிரம் கண் பார்க்கும், மேலே வேட்டியைச் சுற்றிக்கொண்டால் தீர்ந்தது. அதுவே துண்டு, போர்வை, மத்தியானத் தூக்கத்துக்கு விரிப்பு. பெண்களுக்குத் துப்பட்டா அந்த வேலையைச் செய்யும்.

மூன்றாம் படி: நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

பெரும்பாலான கோயில்களில் பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மறுபடி திறக்க நாலு மணியாகும். ஆகவே ஐந்தரைக்குக் கிளம்பி, வெயில் ஏறுமுன் முப்பது கிலோமீட்டரை முடித்துவிடுங்கள். எட்டரைக்கு இட்லி, பொங்கல். ஒன்பதிலிருந்து கோயில். பதினொன்றைத் தாண்டினால் பிராகாரக் கல் பாதத்தைப் பொசுக்கும், சிற்பத்தை அண்ணாந்து பார்க்காமல் நிழலுக்கு ஓடத்தான் தோன்றும். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்துவிடுங்கள். தை மாதத்தில் பிற்பகல் காற்று கடலிலிருந்து எதிரே வீசும், அதோடு மல்லுக்கட்டுவது வீண். மாலையில் மிச்சக் கோயில்.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடித்துக்கொண்டே இருங்கள். உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும் நீர்மோரும் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

நான்காம் படி: திருச்சியிலிருந்து தஞ்சாவூர்

முதல் நாள், சுமார் 60 கிலோமீட்டர். திருவானைக்காவிலிருந்து உத்தமர்சீலி வழியாகக் கல்லணைக்குப் போங்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே நீண்ட தீவு இது. இருபுறமும் வாழைத் தோட்டம், காலையில் லாரித் தொல்லை குறைவு.

கல்லணை கரிகாலன் பெயரில் வழங்குகிறது. 329 மீட்டர் நீளம். பழைய கட்டுமானம் பிற்காலப் பாலத்துக்கு அடியில் போய்விட்டதால், மேலே நின்று பார்ப்பவர்கள் இவ்வளவுதானா என்று திரும்பிவிடுகிறார்கள். பாலத்தின் இரு பக்கமும் நின்று தண்ணீர் எங்கெங்கே பிரிகிறது என்று பாருங்கள்: காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், மிச்சம் கொள்ளிடத்துக்கு. தஞ்சை நெல்லுக்கான பங்கீடு இங்கேதான் நடக்கிறது. இந்த அணையைக் கூர்ந்து படித்தவர் ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலப் பொறியாளர். முக்கொம்பிலும் அணைக்கரையிலும் 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே அவர் கட்டிய அணைகளுக்கு இதுதான் பாடம்.

அங்கிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறு. தியாகராஜர் சமாதி ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. அசோகா அல்வாவை மறக்க வேண்டாம். பாசிப்பருப்பில் நெய் ஒழுகச் செய்வது, அன்று ஓட்டியதற்கு ஈடு செய்துவிடும்.

திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் 13 கிலோமீட்டர். இந்த வழித்தடம் முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த துண்டு இது. காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து பாலங்கள் வரிசையாக வரும். பேருந்தில் போகிறவர்களுக்கு ஐந்தும் ஒன்றுபோலத் தெரியும். சைக்கிளில் நின்று எட்டிப் பார்த்தால் ஒன்றில் துணி துவைக்கிறார்கள், அடுத்ததில் நாணல் மண்டியிருக்கிறது, வடவாறு அகலமான வாய்க்கால் போலத்தான் இருக்கிறது.

பெரிய கோயிலுக்கு மாலையில் போங்கள். ராஜராஜன் 1010-ல் முடித்தது, விமானம் சுமார் 216 அடி. வரும் வழியில் ஒரு பாறையாவது கண்ணில் பட்டதா என்று யோசித்துப் பாருங்கள். முழுக்க வண்டல் பூமி. அத்தனை கருங்கல்லும் வெளியிலிருந்து வந்தது.

ஐந்தாம் படி: கும்பகோணத்தில் தங்கிச் சுற்றுங்கள்

தஞ்சாவூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். புது நான்குவழிச் சாலை பக்கம் போகாமல் அய்யம்பேட்டை, பாபநாசம் வழியாக வாருங்கள். பசுபதிகோயில் அருகே புள்ளமங்கை என்று ஒரு சின்னக் கோயில், பராந்தகன் காலத்தது. உள்ளங்கை அகலச் சிற்பங்களில் ராமாயணக் காட்சிகள். குந்தி உட்கார்ந்து பார்க்க வேண்டும். பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துக் கூம்பு வடிவ நெற்களஞ்சியம் நிற்கிறது. சுவாமிமலையில் ஸ்தபதிகள் பட்டறைக்குள் நுழைந்து பாருங்கள். மெழுகுச் சிலைமேல் காவிரி வண்டலைப் பூசி அச்செடுத்து ஐம்பொன்னை ஊற்றுகிறார்கள்.

கும்பகோணத்தில் மூன்று இரவு போடுங்கள். மூட்டையை அறையில் வைத்துவிட்டு ஓட்டுவது தனி சுகம். முதல் வேலை தாராசுரம், மூன்று நான்கு கிலோமீட்டர்தான். இரண்டாம் ராஜராஜன் கட்டியது. அறுபத்துமூவர் கதையைச் சாண் உயரப் பலகைகளில் செதுக்கியிருக்கிறார்கள். பெரிய கோயிலுக்கு ஒரு மணி நேரம் போதும் என்பவருக்கும் இங்கே அரை நாள் வேண்டும். அங்கிருந்து பட்டீஸ்வரம் போனால், ராஜேந்திரன் தன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்கு எழுப்பிய பள்ளிப்படை இருக்கிறது. கூட்டமே இராது.

மறுநாள் கங்கைகொண்ட சோழபுரம். போக வர எழுபது கிலோமீட்டருக்கு மேல். பயணத்தில் கடினமான நாள் இதுதான், விடியுமுன் கிளம்புங்கள். திருப்பனந்தாளைத் தாண்டி அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடக்கும்போது, இங்கிருந்து அதே பெயருள்ள வேறொரு வடவாற்றில் பிரியும் தண்ணீர்தான் வீராணம் ஏரி வழியாகச் சென்னைக் குழாய்களுக்கும் போகிறது என்பது நினைவிருக்கட்டும். ராஜராஜனின் தஞ்சை விமானம் நேர்கோட்டில் ஏறும், மகன் ராஜேந்திரன் இங்கே கட்டியது உள்வாங்கி வளையும். வடக்கு வாசல் பக்கச் சண்டேச அனுக்கிரக மூர்த்தியைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். சிவன் பூமாலையை அடியவர் தலையில் சுற்றுகிற அந்தக் கைகளில் கல்லின் இறுக்கமே இல்லை.

ஆறாம் படி: சாலையில் நெல்

அறுவடைக் காலத்தில் டெல்டாவின் சாலைகளில் பாதி நெற்களம். காயப்போட்ட நெல்லைச் சுற்றி அணைகட்டினாற்போல் கல் வைத்திருப்பார்கள். இருட்டில் அது தெரியாது, இந்த ஒரு காரணத்துக்காகவே பொழுது சாய்ந்தபின் ஓட்டாதீர்கள். நெல்மீது ஏற்றவும் வேண்டாம். சக்கரம் வழுக்கும், நெல்லுக்குரியவரிடம் வசவும் கிடைக்கும், நியாயமான வசவு. வைக்கோல் கிடந்தால் இறங்கித் தள்ளுங்கள். செயினிலும் பல்சக்கரத்திலும் சுற்றிக்கொண்டால் பிய்த்தெடுக்க அரை மணி நேரமாகும்.

ஏழாம் படி: கடல்வரை போய்த் திரும்புதல்

கும்பகோணத்திலிருந்து ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார் அறுபது கிலோமீட்டர் சொச்சம். கல்லணையில் அத்தனை அகலமாகப் பார்த்த ஆறு போகப்போக மெலிந்து, மேலையூர்க் கடைமடையைத் தாண்டியதும் ஓடைபோல ஆகிவிடும். வழியெல்லாம் வயல் குடித்தது போக மிச்சம் அது. பூம்புகாரில் 1973-ல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடம் இருக்கிறது. அதைவிட, பக்கத்துப் பல்லவனேஸ்வரத்தில் அகழ்ந்தெடுத்த புத்த விகாரையின் அடித்தளத்துக்கு என் பரிந்துரை.

கால் ஒத்துழைத்தால் கடலோரமாகத் தெற்கே தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620-ல் கோட்டை கட்டி, 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன ஊர். கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்குவின் அச்சகத்தில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சானதும் இங்கேதான்.

திரும்புவதற்கு மயிலாடுதுறையில் ரயில் ஏறுங்கள். கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கே அது போகிறது. நடுவழியில் முடியவில்லை என்றாலும் அந்த ஊர் ஸ்டேஷனிலேயே ஏறிக்கொள்ளலாம், கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. சைக்கிளை பார்சல் ஆபீஸில் பதிய வேண்டும். எல்லா ரயிலிலும் அதற்கு இடம் இருக்காது என்பதால் முதல் நாளே போய்க் கேட்டுவையுங்கள். ஏற்றும்போது பெடலைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பிக் கட்டி, பெயரும் செல் நம்பரும் எழுதிய அட்டையைச் சட்டத்தில் கட்டிவிடுங்கள்.