உப்புநீர்க் குளத்திலும் குளோரின் உண்டு

ட்ருகனினாவில் வீட்டு நீச்சல் குளத்தை உப்புநீர் முறைக்கு மாற்ற விரும்புவோர் சிலர், இனி நீரில் குளோரின் இராது என்று எண்ணுகின்றனர். அது சரியன்று. கரைந்த உப்பு, மின்சாரம் பாயும் டைட்டானியம் தகடுகளிடையே செல்லும்போது அங்கேயே குளோரின் உண்டாகிறது; கிருமிகளைக் கொல்வது அதுவே. பம்பு நின்றால் குளோரின் உற்பத்தியும் நின்றுவிடும்.

தேவைப்படும் உப்பின் அளவு கருவிக்குக் கருவி வேறுபடும். லிட்டருக்கு 5 கிராம் எனக் கொண்டால், 40,000 லிட்டர் குளத்துக்கு 200 கிலோ, அதாவது 20 கிலோ மூட்டைகள் பத்து. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உண்டு. குளத்து நீர் நாவில் சற்றே கரிக்கும், அவ்வளவே.

இம்முறையில் நீரின் பி.எச். அளவு மெல்ல ஏறிக்கொண்டே போகும். 7.8-ஐத் தாண்டினால் குளோரினின் வலிமை வெகுவாகக் குறையும். நீரோ தெளிவாகவே தோன்றும்; குழந்தைகள் இறங்கும் நீரைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுவது போதாது. வாரந்தோறும் சோதித்து, தேவையாயின் அமிலம் சேர்க்க வேண்டும். அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றலாகாது. மிஞ்சிய பழைய குளோரின் தூளுடன் அமிலம் கலந்தால் நச்சு வாயு எழும்.

வடிகட்டியைக் கழுவிய உப்புநீரைக் கழிவுநீர்க் குழாயிலேயே விட வேண்டும். தெருவிலுள்ள மழைநீர் வடிகாலில் விட்டால், அது ஓடைகள் வழியே போர்ட் பிலிப் விரிகுடாவைச் சேரும்.

விக்டோரியாவில் 30 சென்டிமீட்டருக்கு மேல் நீர் கொள்ளும் குளங்களுக்கான பதிவும் பாதுகாப்பு வேலியும் உப்புநீர்க் குளத்துக்கும் கட்டாயமே.