தபால் எழுத்தரின் வேலை

அன்புள்ள தம்பிக்கு,

மின்னஞ்சல், வாட்ஸ்அப், ஆய்வு வழிகாட்டி போகிற போக்கில் சொன்னது எல்லாவற்றையும் ஒரே செயலிக்குள் போட்டும் ஆய்வேட்டின் அத்தியாயத்தைக் கொடுக்கவேண்டிய தேதி தவறிப்போனதாக எழுதியிருந்தாய். "எல்லாம் ஒரே இடத்தில்தானே ஐயா இருந்தது?" என்ற உன் கேள்வி என்னை விடவில்லை. ஒரே இடத்தில் இருந்தால் போதும் என்று உனக்கு யார் சொன்னது?

திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் உள்ள ஓலைச்சுவடி அருங்காட்சியகத்தில் சுருணைகளைப் பார்த்திருப்பாய். ஓலைகளைக் கோத்து, சக்கரம்போல இறுக்கிச் சுருட்டியவை. பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்கள் மட்டுமே 30 லட்சம் ஓலைகள் என்கிறார்கள். கோயில் கணக்கு, நிலம், அரச ஆணை எல்லாம் வட்டெழுத்தும் மலையாண்மை எழுத்தும் தமிழுமாக ஒரே மதிலுக்குள் சேர்ந்தன. உள்ளே இருக்கும் ஓர் ஓலையைப் பார்க்கச் சுருணையையே பிரிக்க வேண்டும். திருவிதாங்கூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த கௌரி லட்சுமி பாயி இவற்றைக் கொண்டு அந்தக் கோயிலின் வரலாற்றை எழுதியிருக்கிறார். அதைப் படிக்கும்போதெல்லாம், செய்திகளைவிட அவற்றைத் தேடி எடுத்த பொறுமைதான் எனக்குப் பெரிதாகத் தெரியும். காப்பகத்துக்கு அது சரி. நாளை காலை பதில் சொல்ல வேண்டியவனுக்கு?

அவனுக்கான முறை அரசு அலுவலகத்தில் இருக்கிறது. 1830இல் மன்னர் சுவாதித் திருநாள், அரசின் தலைமை அலுவலகமான ஹஜூர் கச்சேரியைக் கொல்லத்திலிருந்து இங்கே கொண்டுவந்தார். மாதவராவ் திவானாக இருந்தபோது அதற்காகக் கட்டி 1869இல் முடித்த கட்டடம்தான் இன்றைய தலைமைச் செயலகம். அதன் முன் நின்று படம் எடுக்கிறவர்களுக்குச் சிவப்பு நாடா என்று சிரிக்கத் தெரியும். தபால் பிரிவு என்ன செய்கிறது என்று கேட்டால் விழிப்பார்கள். எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான்.

பழைய அலுவலக முறையில் தபால் எழுத்தர் உறையைப் பிரிப்பார், தேதி முத்திரை குத்துவார், எண் போடுவார், எந்த எழுத்தரின் சீட்டுக்கு என்று குறிப்பார். பதில் எழுத மாட்டார். அது அவர் வேலையே இல்லை. சீட்டுக்காரர் அதைத் தன்பதிவேட்டில் ஏற்றுவார். இங்கே அதை பெர்சனல் ரெஜிஸ்டர் என்பார்கள். யாரிடமிருந்து வந்தது, என்ன விஷயம், எங்கே அனுப்பினோம், பதில் வந்ததா, வராவிட்டால் என்றைக்கு நினைவூட்டினோம் என்று அந்தக் கடிதத்தின் நடமாட்டம் முழுதும் அதே எண்ணுக்கு எதிரே ஏறும். மேலதிகாரி அவ்வப்போது வாங்கிப் பார்த்துக் கையெழுத்திடுவார். முடிந்த கோப்பை எத்தனை ஆண்டு வைத்திருந்து அழிப்பது என்பதைக்கூட முடிக்கும்போதே எழுதிவிடுவார்கள். கோப்பு தேங்கியதே இல்லை என்று நான் சொல்லவில்லை. எந்த மேசையில் தேங்கியது என்று பதிவேடு காட்டிக்கொடுத்துவிடும்.

உன் செயலியில் இருப்பது வெறும் சுருணை. யாரோ அனுப்பியதை அப்படியே தள்ளிவிட்டிருக்கிறாய்; எண் இல்லை, தேதி இல்லை, அடுத்து என்ன செய்வது என்ற குறிப்பு இல்லை. போதாததற்கு, வந்ததைப் பார்த்தவுடன் பாதிக்குப் பதில் போட்டுவிட்டு, மீதி தானாக நினைவுக்கு வரும் என்று இருந்துவிட்டாய். வராது. இருபத்தைந்து வயதிலேயே வராது!

காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை தபால் எழுத்தராக உட்கார். அப்போது ஒருவருக்கும் பதில் எழுதாதே. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: யார் கேட்டது, நான் செய்யவேண்டியது என்ன, எந்தத் தேதிக்குள். அதை முடித்து எழுந்த பிறகு சீட்டுக்காரனாகப் போய் வேலையைத் தொடங்கு. வாட்ஸ்அப்பையும் மின்னஞ்சலையும் ஒன்றாக்க மெனக்கெட வேண்டாம். கடிதம் எத்தனை வாசல் வழியாகவும் வரட்டும், பதிவேடு ஒன்றாக இருந்தால் சரி. நோட்டா, கைப்பேசியா என்பது உன் இஷ்டம்.

வழிகாட்டி கேட்ட அத்தியாயத்துக்கு முதல் எண்ணைப் போடு. சனிக்கிழமை வரும்போது பதிவேட்டைக் கொண்டு வா, நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் ஆசிரியர்