பழைய பிரிண்டரும் புதிய கம்ப்யூட்டரும்



கல்வி உதவித்தொகைக்கு மனுக் கொடுத்திருந்த ஒரு தாயார், சில வாரங்களுக்கு முன் நம் அலுவலகத்துக்கு வந்தார். "அண்ணே, நீங்க வாட்ஸ்அப்ல அனுப்புன என் ஆதாரும் போட்டோவும் அந்த ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர்லயே இருக்குமா?" என்று கேட்டார்.

இருக்கும் என்பதுதான் உண்மையான பதில். அதைச் சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டதால், விண்டோஸ் 11 உள்ள புதிய கம்ப்யூட்டருக்கு மாறியிருந்தோம். 2008-ல் ஒரு சகோதரர் அன்பளிப்பாகக் கொடுத்த லேசர் பிரிண்டர் அதில் வேலை செய்யவில்லை. பார்க்க வந்த மெக்கானிக், "பாய், இதுக்கு டிரைவரே கிடையாது. புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லி, 16,500 ரூபாய்க்கு ஒரு கொட்டேஷனும் கொடுத்துவிட்டுப் போனார். நிர்வாகக் குழு கூடி முடிவெடுக்கும் வரை, பதினொரு நாட்கள் எல்லா மனுக்களையும் வெளிக்கடைக்கு அனுப்பித்தான் பிரிண்ட் எடுத்தோம். அந்தத் தாயார் கேட்டதற்கு மறுநாள் நான் அந்தக் கடைக்குப் போய், ஒவ்வொரு ஃபைலையும் அழிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மக்கள் நம்மை நம்பிக் கொடுக்கும் தாள்களும் அமானிதம்தானே.

இன்று அதே பழைய பிரிண்டர் புதிய கம்ப்யூட்டரில் ஓடுகிறது. அல்ஹம்துலில்லாஹ். ஒரு ரூபாய் செலவில்லை. உங்களில் பலர் வீட்டிலும் கடையிலும் இதே நிலையில் ஒரு பிரிண்டர் துணி போர்த்தி மூலையில் இருக்கும் என்பதால், நாங்கள் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

டிரைவர் என்பது ஒரு சிறிய மென்பொருள். கம்ப்யூட்டர் சொல்வதைப் பிரிண்டருக்குப் புரியும் மொழியில் மாற்றிச் சொல்லும் துபாஷி என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் மாறியதும் பிரிண்டர் நின்றுவிட்டால், பெரும்பாலும் இயந்திரத்தில் பழுது இருக்காது. துபாஷியைத்தான் காணவில்லை. இயந்திரம் நலமா என்று முதலில் பாருங்கள். பல பிரிண்டர்களில் ஒரு பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால், கம்ப்யூட்டர் இல்லாமலே ஒரு சோதனைத் தாள் வரும். சில வகைகளில் இது வராது. அவற்றைப் பழைய கம்ப்யூட்டரிலேயே ஒருமுறை மாட்டிப் பார்த்துவிடலாம்.

அடுத்து, அது எந்த வகைப் பிரிண்டர் என்று தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாமே இதில்தான் அடங்கியிருக்கிறது. சில பிரிண்டர்களுக்குச் சொந்த அறிவு உண்டு. பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பொது மொழிகள் அவற்றுக்குத் தெரியும். முதல் ஹெச்பி லேசர்ஜெட் 1984-ல் வந்தது. அந்தக் குடும்பத்தின் பெரிய அலுவலகப் பிரிண்டர்கள் பல இவ்வகை. மொழி பொது என்பதால், அந்த மாடலுக்கென்றே செய்த டிரைவர் கிடைக்காவிட்டாலும் பொதுவான டிரைவர் ஒன்றைப் போட்டுச் சமாளிக்கலாம்.

இரண்டாம் வகை, விலையைக் குறைப்பதற்காக மூளையைக் கம்ப்யூட்டரிடமே விட்டுவிட்ட பிரிண்டர்கள். நம் பக்கத்துக் கடைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஹெச்பி லேசர்ஜெட் 1020-ம், கேனான் எல்பிபி 2900-ம் இவ்வகைதான். பக்கம் எப்படி வர வேண்டும் என்ற கணக்கைக் கம்ப்யூட்டரே போட்டு, புள்ளி புள்ளியாக அனுப்ப வேண்டும். 1020 இன்னும் ஒரு படி மேலே: அதை இயக்கும் உள் மென்பொருள்கூட அதனிடம் நிரந்தரமாக இல்லை. ஒவ்வொரு முறை ஸ்விட்ச் போடும்போதும் கம்ப்யூட்டர்தான் அதை ஏற்றிவிடுகிறது. ஆக, இந்த வகைக்குச் சரியான டிரைவர் இருந்தால்தான் உயிர். மலிவாகக் கிடைத்ததன் விலையைப் பதினைந்து வருடம் கழித்துக் கொடுக்கிறோம்.

விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது. அதனால் பிரிண்டருடன் வந்த பழைய சிடியில் 32 பிட் டிரைவர் மட்டும் இருந்தால் அது பயன்படாது. மெக்கானிக் அந்தச் சிடியைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கைவிரித்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு அன்று இன்னும் நான்கு இடம் பாக்கி இருந்தது.

நாங்கள் செய்தது இதுதான். 'செட்டிங்ஸ்' போய், 'புளூடூத் அண்ட் டிவைசஸ்', அதற்குள் 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' திறந்து, 'ஆட் டிவைஸ்' அழுத்த வேண்டும். கம்ப்யூட்டர் தேடிக்கொண்டே இருக்கும். சிறிது நேரம் காத்திருந்தால், நாமாகவே சேர்க்கும் 'மேனுவல்' வழி ஒன்று கீழே தோன்றும். அதில் 'லோக்கல் பிரிண்டர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், எந்த போர்ட் என்று கேட்கும். யூஎஸ்பி001 என்பதைக் கொடுத்தோம். பிறகு கம்பெனி பெயர்களும் மாடல்களும் உள்ள ஒரு பட்டியல் வரும். அதில் நம் மாடல் இல்லை. மெக்கானிக் நிறுத்திய இடமும் இதுதான். அந்தப் பட்டியலுக்குக் கீழே 'விண்டோஸ் அப்டேட்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. இணைய இணைப்பு இருக்கும்போது அதை அழுத்திவிட்டுப் பொறுமையாக இருங்கள். எங்களுக்கு ஒரு டீ குடிக்கும் நேரம் பிடித்தது. அதன்பின் பட்டியல் பல மடங்கு நீண்டு, நம் மாடலின் பெயர் அதில் இருந்தது.

அப்படியும் தாள் வரவில்லை! பிரிண்ட் கொடுத்தால் வரிசையில் நிற்கிறது, இயந்திரம் அசையவில்லை. ஒரு மாலைப்பொழுது முழுக்க இதில் போனது. காரணம் மிகச் சிறியது. கேபிளைக் கழற்றி வேறு ஓட்டையில் மாட்டியதில் போர்ட் யூஎஸ்பி002 ஆகிவிட்டிருந்தது. கம்ப்யூட்டரோ 001-க்கே அனுப்பிக்கொண்டிருந்தது. 'பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ்' திறந்து, 'போர்ட்ஸ்' பக்கத்தில் சரியானதை டிக் செய்ததும் தாள் வந்தது. கேபிளை ஒரே ஓட்டையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த முதல் தாளும் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கலைந்து கிடந்தது. டிரைவர் தவறோ என்று பயந்துவிட்டேன். பிறகு பார்த்தால், அந்த ரசீது பல வருடங்களுக்கு முன் பாமினி எழுத்துருவில் அடித்தது. புதிய கம்ப்யூட்டரில் பாமினி இல்லை. பாவம், பிரிண்டர் மேல் பழி. எழுத்துருவைப் போட்டதும் சரியானது. பழைய படிவங்களை யூனிகோடுக்கு மாற்றும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

இதில் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். டிரைவர் தேடும்போது கூகுளில் முதலில் வரும் எதையும் இறக்கிவிடாதீர்கள். 'எல்லா டிரைவரும் இலவசம்' என்று ஆசை காட்டும் தளங்கள் நிறைய. அவற்றில் சில பணம் கேட்கும், சில வைரஸ் தரும். பைத்துல்மால் பயனாளிகளின் பெயரும் வங்கிக் கணக்கும் உள்ள கம்ப்யூட்டரில் அப்படி ஒன்று நுழைந்தால், பிரிண்டர் கெட்டுப்போவதைவிடப் பெரிய இழப்பு. கம்பெனியின் சொந்தத் தளம், விண்டோஸ் அப்டேட், இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய டிரைவரை ஏற்க வைக்க விண்டோஸின் கையொப்பச் சோதனையை அணைத்துவிடும்படி யூடியூபில் சிலர் சொல்லித் தருகிறார்கள். அலுவலகக் கம்ப்யூட்டரில் அதைச் செய்யவே கூடாது.

விண்டோஸில் வழியே இல்லையென்றால் லினக்ஸ் இருக்கிறது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் இருந்தது நினைவிருக்கும். நம்மில் பலர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. லினக்ஸ் பிறப்பதற்கு முன்பே நடந்த ஒரு கதை இதோடு சேர்ந்தது. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்துக்கு ஸெராக்ஸ் லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. அதற்கு முன்பிருந்த பிரிண்டரில் தாள் சிக்கினால், காத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும்படி ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலாளர் மென்பொருளை மாற்றி வைத்திருந்தார். புதியதில் அப்படிச் செய்ய மூல நிரல் கிடைக்கவில்லை, கேட்டும் மறுக்கப்பட்டது. 1983-ல் அவர் தொடங்கிய குனு திட்டத்துக்கு இந்தக் கசப்பும் ஒரு காரணம். கட்டற்ற மென்பொருள் இயக்கம் அதிலிருந்து வளர்ந்தது. கம்பெனி கைவிட்ட பிரிண்டர்களுக்குத் தன்னார்வலர்கள் டிரைவர் எழுதி வைத்திருப்பதும் அந்த வழியில்தான்.

லினக்ஸில் பிரிண்டர் வேலைகளைக் கவனிப்பது 'கப்ஸ்' என்ற மென்பொருள். ஒதுக்கிவைத்த பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, பிரிண்டரை அதில் மாட்டி, 'கப்ஸ்' மூலம் பகிர்ந்தால், வீட்டு வைஃபையில் உள்ள புதிய கம்ப்யூட்டரும் செல்போனும் அதன் வழியே பிரிண்ட் எடுக்கலாம். பழைய பிரிண்டரின் டிரைவர் அந்த ஒரு கம்ப்யூட்டரில் இருந்தால் போதும். இதற்கு ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரையும் வைக்கலாம். ஆனால் அதன் சிப் வேறு ரகம் என்பதால், சில கம்பெனிகளின் ஆயத்த டிரைவர்கள் அதில் ஓடாது. விண்டோஸ் 7-ஐ அப்படியே வைத்துக்கொண்டு பகிர்வது சுலபமாகத் தோன்றும். 2020 ஜனவரியோடு அதற்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. இணையத்தில் இணைக்காமல் தனியாக வைப்பதென்றால் சரி.

கடை வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு விண்டோஸிலேயே 'ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி' என்ற டிரைவர் உண்டு. ஆங்கில பில் அதில் வரும், தமிழ் வராது. தமிழ் எழுத்தைப் படமாக அனுப்பும் டிரைவர் அதற்குத் தேவை.

விண்டோஸ் 11-ல் 'புரொடெக்டட் பிரிண்ட் மோட்' என்று புதிதாக ஒரு வசதி வந்திருக்கிறது. பாதுகாப்பு என்ற பெயரைப் பார்த்து அழுத்திவிடாதீர்கள். அதைப் போட்டால் கம்பெனி டிரைவரில் ஓடும் பிரிண்டர்கள் பட்டியலிலிருந்து போய்விடும். பிள்ளைகளுக்கு லேப்டாப் வாங்குவோர், 'ஆர்ம்' சிப் உள்ளதா என்று கடையில் கேளுங்கள். இருந்தால் வீட்டிலுள்ள பழைய பிரிண்டர் அதில் ஓடுவது கடினம்.

எல்லாப் பிரிண்டரையும் காப்பாற்ற முடியாது. டோனர் கிடைக்காதது, வருடக்கணக்கில் சும்மா கிடந்து மை காய்ந்துபோன இங்க்ஜெட், சூடேற்றும் பாகம் போன லேசர் இவற்றுக்குச் செலவு செய்வது வீண். அவற்றைத் தெருவில் வரும் காயலான் கடைக்காரரிடம் போடாமல், பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் சேருங்கள்.

கொட்டேஷனை நிர்வாகக் குழு திருப்பி அனுப்பிவிட்டது. மனுக்கள் இனி வெளிக்கடைக்குப் போகாது என்று அந்தத் தாயாருக்குச் சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டில் உறங்கும் பிரிண்டரையும் எழுப்பிப் பார்க்க விரும்பினால், வரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். நம் கல்லூரிப் பிள்ளைகள் இருவர் உதவிக்கு இருப்பார்கள், இன்ஷா அல்லாஹ். மறக்காமல் பவர் கேபிளையும் யூஎஸ்பி கேபிளையும் எடுத்து வாருங்கள். எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது, அதை எங்கள் பிரிண்டரிலிருந்து கழற்ற எனக்கு இனி தைரியமில்லை.