சுற்றளவும் பரப்பளவும்

சுற்றளவு சமமாயின் பரப்பளவும் சமமாகும் எனச் சிறுவர் பலர் எண்ணுவர். சூத்திரத்தை மனப்பாடம் செய்வதால் மட்டும் இம்மயக்கம் நீங்காது. கையால் செய்து அறிதல் வேண்டும்.

24 செ.மீ. சுற்றளவுள்ள நூல் வளையம் ஒன்றை, 1 செ.மீ. கட்டமிட்ட தாளின்மேல் செவ்வகமாக அமைத்து, உள்ளடங்கும் கட்டங்களை மாணாக்கர் எண்ணுக. பக்கங்கள் 6, 6 ஆயின் கட்டங்கள் 36. 8, 4 ஆயின் 32. 11, 1 ஆயின் 11 மட்டுமே. சூத்திரத்தை இதன் பின்னரே கற்பித்தல் நன்று.

100 மீட்டர் பக்கமுள்ள சதுர நிலத்திற்கும், 150 மீட்டர் நீளமும் 50 மீட்டர் அகலமும் உள்ள நிலத்திற்கும் வேண்டிய வேலி 400 மீட்டரே. ஆயினும் முன்னதன் பரப்பு 1 ஹெக்டேர். பின்னதன் பரப்பு முக்கால் ஹெக்டேர். வேலிக்குச் சுற்றளவும், விதைக்கும் உரத்திற்கும் பரப்பளவும் கணக்கிடப்படும். வரப்பின் நீளத்தை மட்டும் அளந்து நிலத்திற்கு விலை பேசும் உழவர், கால் ஹெக்டேரின் விலையை வீணே இழக்க நேரும்.