கர்துங் கணவாய்

லடாக்கிலுள்ள லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து நூப்ராப் பள்ளத்தாக்கிற்குச் செல்லும் சாலை, 5,359 மீட்டர் உயரமுள்ள கர்துங் கணவாயைக் கடக்கின்றது. (உச்சியில் நாட்டிய பலகையொன்று 5,602 என்று பெருமை பேசிற்று, பிற்காலத்து அளவைகள் அதனை ஏற்கவில்லை.)

மோட்டார் சைக்கிளில் தன்னந்தனியே அவ்வழி ஏறும் இளைஞன் ஒருவனை மனக்கண்ணாற் காண்க. உச்சி நெருங்க நெருங்க வண்டி இளைக்கின்றது. அவனுக்கும் மூச்சு வாங்குகின்றது. இரண்டிற்கும் காரணம் ஒன்றே. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியே. பெட்ரோல் எரியவும் உடல் இயங்கவும் வேண்டிய பிராணவாயு போதவில்லை. வண்டியின் தளர்ச்சியை அதன் ஓசையே அறிவித்துவிடும். மனிதனின் தளர்ச்சியோ அவன் அறிவையே மயக்கவல்லது, தலைவலியும் தடுமாற்றமும் தோன்றிய பின்னும், "இன்னும் சிறிது தூரந்தானே!" என்று எண்ணச் செய்யும். உடன் வருவார் இருப்பின் தடுப்பர். தனியே செல்வோனைத் தடுப்பவர் யார்? ஆதலின், அவன் லேயிற் சில நாள் தங்கி உடலைப் பழக்கிய பின்னரே புறப்படல் வேண்டும். தலை சுற்றினால் அக்கணமே திரும்புதல் வேண்டும். இறங்க இறங்க, வண்டிக்கு வலிவும் அவனுக்குத் தெளிவும் மீளும்.