டவுன் பஸ் வாக்குறுதியும் வார்டு கவுன்சிலரும்

கேள்வி: பேரூராட்சித் தேர்தல் வந்தாலே, வேட்பாளர்கள் எல்லாரும் சிதம்பரத்துக்குக் கூடுதல் டவுன் பஸ் விடுவோம் என்கிறார்கள். யாரை நம்புவது?
- வாசகர், புவனகிரி

பதில்: பஸ் விடுகிறேன் என்பவரை அந்த விஷயத்தில் நம்ப வேண்டாம். பஸ்ஸை ஓட்டுவது விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகம். 2021 மே மாதம் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்ததும் மாநில அரசின் உத்தரவால்தான்; எந்தக் கவுன்சிலரும் கொடுத்ததல்ல. மினி பஸ் பர்மிட்டுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போக வேண்டும். சிதம்பரம் போகும் வழியிலுள்ள வெள்ளாற்றுப் பாலமோ நெடுஞ்சாலைத் துறை பாடு. கவுன்சிலரால் மனு கொடுக்க முடியும், தீர்மானம் போட முடியும். அதற்கு மேல் இல்லை.

பேரூராட்சியின் கையில் இருப்பது பஸ் நிலையமும் உள்தெருக்களும். அங்கேதான் கேள்வியைப் போடுங்கள். பெண்கள் கழிப்பறை எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது? மழையில் நிற்க நிழற்குடை உண்டா, அல்லது அதற்குள்ளும் கடை போட்டாயிற்றா? சுங்கம் வசூலிக்கும் குத்தகைப் பணத்தில் பஸ் நிலையத்துக்கே எவ்வளவு திரும்புகிறது? கடைசி பஸ்ஸில் இறங்குகிறவர் வீடு போகும் தெருவில் விளக்கு எரிகிறதா? இவற்றுக்குத் தொகையும் கெடுவும் சொல்கிறவர் வேலை தெரிந்தவர். ("ஆவன செய்வோம்" என்பது பதிலில் சேராது.)

இன்னொன்று. 2022 பிப்ரவரி 19 தேர்தலில் நீங்கள் ஓட்டுப் போட்டது வார்டு உறுப்பினருக்கு. தலைவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் அந்த உறுப்பினர்கள். ஆகவே தலைவர் பதவிக்கு யாரை ஆதரிப்பீர்கள் என்பதையும் வாசலுக்கு வருகிறவரிடமே கேட்டுவிடுங்கள்.