ஜீப்பின் காற்றுக் குழாய் கிழிந்தால்

கார்த்திகை மாதம், அடைமழை. விடியற்காலை மூன்றரை மணிக்குத் தூயமல்லி அரிசி பத்துச் சிப்பம் ஏற்றிக்கொண்டு நானும் என் மனைவியும் சென்னைக்குக் கிளம்பினோம். பாலாற்றைத் தாண்டி, காஞ்சிபுரம் ஊரைக் கடந்து, ராஜகுளம் வரும்போதே முன்கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாகப் படிந்துவிட்டது. அம்மா துண்டால் துடைக்கத் துடைக்க மறுபடி மறுபடி படிகிறது. ஹீட்டரைப் போட்டேன். காற்று வரவில்லை, புகை வாடைதான் வந்தது. சுங்குவார்சத்திரத்துக்கு முன்னால் நின்றிருந்த ஒரு லாரியின் பின்விளக்கு, பத்தடிக்குள் போன பிறகுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. ஸ்ரீபெரும்புதூரில் டீ குடிக்க இறங்கியபோது இருவருக்கும் தலைவலி.

வண்டி பழைய மஹிந்திரா எம்.எம். 540. வில்லிஸ் ஜீப்பை நம் நாட்டில் பொருத்தி விற்று வளர்ந்த கம்பெனி, 1980களில் கொண்டுவந்த மாடல் இது. உள்ளே பியூஜோ டீசல் எஞ்சின், 2112 சி.சி. சேற்று வரப்பில் இதுபோல் போகிற வண்டி இன்று நம் விலைக்குக் கிடைக்காது. பதினைந்து வருடம் முடிந்தபின் ஐந்தைந்து வருடமாகப் பதிவைப் புதுப்பித்து ஓட்டுகிறேன். நீலகிரித் தோட்டம் ஒன்றில் ஓடிய வண்டி என்பதால் அங்கே யாரோ தனியாக ஹீட்டர் பொருத்தியிருந்தார்கள்.

மெக்கானிக் தம்பி சிரித்தார். "பேங்க் சார், காஞ்சிபுரத்துல யாரு சார் ஹீட்டர் போடுறாங்க? கழட்டிப் போட்டுடலாம்." மே மாதமாக இருந்தால் நானும் சரி என்றிருப்பேன். ஆனால் கூரை மூடிய வண்டியில், மழைநாளில் நாம் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில்தான் போய்ப் படியும். கண்ணாடி சூடானால் அந்த ஈரம் ஒட்டாது. எஞ்சினைச் சுற்றிவரும் வெந்நீரில் கொஞ்சம் ஒரு சிறிய ரேடியேட்டருக்குள் போகிறது. புளோயர் விசிறி அதன் வழியே காற்றை ஊதுகிறது. அந்தச் சூடான காற்றைக் கண்ணாடியின் அடிவரை கொண்டுபோவது, கம்பிச்சுருள் வைத்த துணிக் குழாய். கடையில் டக்ட் ஓஸ் என்று கேட்டால் தருவார்கள்.

பானெட்டைத் திறந்தோம். என் வண்டியில் இரண்டு குழாயும் போயிருந்தன. கண்ணாடிக்குப் போவது இற்றுப்போய் கம்பி மட்டும் மிச்சம். வெளியிலிருந்து காற்றை இழுத்துவரும் குழாயை எலி கடித்து, உள்ளே வைக்கோலும் வேர்க்கடலைத் தோலும் அடைத்து வைத்திருந்தது. வெளிக்காற்றுக்குப் பதில் புளோயர் எஞ்சின் அறைக் காற்றைத்தான் இழுத்திருக்கிறது. கூடவே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டும் கசிந்துகொண்டிருந்தது. அதாவது புகையை நாங்களே விசிறி போட்டு உள்ளே வாங்கியிருக்கிறோம்! டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012லேயே உறுதிசெய்து முதல் வகையில் சேர்த்துவிட்டது. அதில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பெட்ரோல் வண்டியில் அது இன்னும் அதிகம். வயலில் விஷம் தெளிக்காதவன், வண்டிக்குள் உட்கார்ந்து அதைச் சுவாசித்திருக்கிறேன்.

வேலையை இருவரும் சேர்ந்தே செய்தோம். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்ற வேண்டும். பழைய குழாயைப் பிடித்து இழுக்கக் கூடாது. அது மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் கழுத்து பழசாகி மொறுமொறுவென்று இருக்கும், உடைந்தால் அந்தப் பாகத்தைத் தேடி அலைய வேண்டும். கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள். கழுத்தின் வெளிவிட்டத்தை அளந்து அதே உள்விட்டத்தில் புதுக் குழாய் வாங்குங்கள். நீளத்துக்குச் சணல் கயிற்றை வளைவோடு வைத்து அளந்தால் போதும். கூடுதலாக விட்டால் நடுவில் தொய்ந்து தண்ணீர் தங்கும்.

சிலிக்கான் பூசிய கண்ணாடியிழைக் குழாய் நல்லது. எனக்குப் புதுப்பேட்டையில் கிடைத்தது. கொட்டகையில் கிடக்கிற மோட்டார் பி.வி.சி. ஓஸை வெட்டிப் போட்டுவிடலாம் என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. எஞ்சின் நீர் 80, 90 டிகிரிக்குப் போகும். பி.வி.சி. 80 வாக்கிலேயே இளகிவிடும். அவசரத்துக்குச் சைக்கிள் ட்யூபைச் சுற்றி வீடு வந்து சேரலாம், அவ்வளவுதான். புதுக் குழாய் மேனிஃபோல்டின் மேல் படாமல், வைப்பர் கம்பியில் உரசாமல் ஒதுக்கிக் கட்டுங்கள். ஓஸ் கிளிப்பை அளவோடு முறுக்குங்கள். கேஸ்கெட்டையும் கையோடு மாற்றிவிட்டோம்.

சோதிப்பதற்கு ஊதுபத்தி. டீசல் கசிவு எங்கும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, எஞ்சினைப் போடாமல், பேட்டரி ஒயரை மாட்டி புளோயரை மட்டும் ஓட விடுங்கள். இழுக்கிற குழாயின் இணைப்பில் ஓட்டை இருந்தால் ஊதுபத்திப் புகை உள்ளே போகும். ஊதுகிற குழாயில் இருந்தால் புகை விலகிச் சிதறும். இரண்டு இடத்தில் மறுபடி இறுக்க வேண்டியிருந்தது. மொத்தச் செலவு இரண்டாயிரத்துக்குள்.

தம்பி கையைத் துடைத்துக்கொண்டே, "அதையும் பாத்துடலாம் சார்" என்று ஏர் கிளீனரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஓஸைக் காட்டினார். மேலே பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. எங்கள் தெருவில் பட்டு நெய்யும் பெரியவர் பாவின் மேல் விரலை ஓட்டியே அறுந்த இழையைச் சொல்லிவிடுவார். அதுபோல ஓஸின் அடிப்பக்கம் விரலை விட்டு மடக்கினேன். நகம் நுழைகிற வெடிப்பு. ஏர் கிளீனரின் எண்ணெய்க் கிண்ணம் தூசியை எவ்வளவு பிடித்தாலும், அதற்கு அப்புறம் உள்ள வெடிப்பு வழியே புழுதி நேராக எஞ்சினுக்குள் போகும். பிஸ்டன் ரிங்கையும் லைனரையும் உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும். புகை கூடும், ஆயில் குறையும், ஒருநாள் எஞ்சினையே பிரித்துவைத்து லைனர் மாற்றச் சொல்வார்கள். முப்பது வருடம் டிராக்டர் கடன் கொடுத்தவன் நான். ஆர்.சி. புத்தகத்தில் வங்கியின் பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பேன், பானெட்டைத் திறந்து பார்த்ததே இல்லை.

ஜீப் இல்லாதவர்களுக்கும் இது உண்டு. டிராக்டர், பவர் டில்லர், டீசல் பம்ப்செட் எதுவானாலும், எஞ்சினை நிறுத்திவிட்டு ஏர் கிளீனரைத் தாண்டிய ஓஸைக் கழற்றி, உள்ளே வெள்ளைத் துணியால் ஒருமுறை துடையுங்கள். துணியில் மண் ஒட்டினால் ஓஸையும் கிளிப்பையும் மாற்றாமல் உழவுக்கு எடுக்காதீர்கள். கிண்ணத்தில் எண்ணெய் கோடு வரை இருக்கிறதா, அடியில் சேறு படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உழவு நாட்களில் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

எலிக்கு மருந்து வைப்பதில்லை. ஜீப் நிற்கும் கொட்டகையை ஒட்டியிருந்த வைக்கோல் போரை மாட்டுக்கொட்டகைப் பக்கம் தள்ளிப் போட்டோம். ஆந்தை உட்கார ஒரு கோலும் நட்டிருக்கிறேன்.